ஒரே மதிலுக்குள் 80 பங்கு

பிரான்ஸின் டிஜோன் நகரிலிருந்து தெற்கே போகும் சாலையில், வூஜோ என்ற சிற்றூரை ஒட்டி ஒரு நீண்ட கல்மதில் வருகிறது. உள்ளே ஏறத்தாழ 50 ஹெக்டேர் திராட்சை; வேறு பயிர் எதுவும் கிடையாது. சீத்தோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து வளைத்த நிலம் இது. பெயர் க்ளோ த வூஜோ. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டபோதுகூட இந்த நிலம் உடையவில்லை. 1889 வரை முழுதாகவே கைமாறிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் துண்டாகத் தொடங்கியது. இன்று மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சொந்தமானவை சில வரிசைக் கொடிகள் மட்டுமே. எல்லோருடைய பாட்டிலிலும் அதே பெயர்தான், 'கிரான் க்ரு' என்ற அதே உச்சத் தகுதிதான். சரிவின் மேற்பகுதியில் தண்ணீர் நிற்காத சுண்ணாம்பு மண். கீழே சாலையோரம் ஈரம் தேங்கும் களிமண். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று, நாக்குக்கு அப்படி இல்லை.

சிறு குடும்பத் தோட்டங்களின் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பாட்டனின் கைப்பக்குவம், தலைமுறை ஞானம் என்று தொடங்குவார்கள். நான் பத்திரப்பதிவிலிருந்து தொடங்குகிறேன். வூஜோ இருக்கும் பர்கண்டிப் பகுதியில் தோட்டங்கள் சிறியவையாக இருப்பதற்கு யாருடைய ரசனையும் காரணம் அல்ல. வாரிசுச் சட்டம்தான் காரணம்.

புரட்சி, மூத்த மகனுக்கே எல்லாம் என்ற பழைய முறையை ஒழித்தது. 1804இல் வந்த நெப்போலியனின் குடிமைச் சட்டம் அதை உறுதி செய்தது: பிள்ளைகளுக்குச் சம உரிமை, பெண்ணுக்கும் உண்டு, எந்தப் பிள்ளையையும் அப்பன் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. (நமக்கும் இது முற்றிலும் அந்நியமான சட்டம் அல்ல. 1881 ஆணையின்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்த புதுச்சேரிக் குடும்பங்கள் இதே சட்டத்தின் கீழ்தான் சொத்தைப் பிரித்துக்கொண்டன.) பிரான்ஸின் மற்றொரு ஒயின் பகுதியான போர்தோவிலும் இந்தச் சட்டம்தான் நடந்தது. ஆனால் அங்கே பெரிய தோட்டங்கள் வணிகர்கள், வங்கியாளர்கள் கையில் இருந்தன. பலர் தோட்டத்தை ஒரு கம்பெனியாக்கி, பங்குகளைப் பிரித்துக்கொண்டு நிலத்தைக் காப்பாற்றினார்கள். பர்கண்டியில் இருந்தவர்கள் உழவர்கள். அவர்கள் நிலத்தையே கூறு போட்டார்கள். நான்கு பிள்ளைகள் என்றால் நான்கு கூறு. அதிலும் நல்ல நிலம் ஒருவனுக்கு, மட்டமான நிலம் இன்னொருவனுக்கு என்று விட முடியாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் நான்காக வெட்டினார்கள். வரப்பு கிடையாது, எத்தனையாவது வரிசை யாருடையது என்பது ஊருக்குத் தெரியும், நோட்டரியின் வரைபடத்துக்கும் தெரியும்.

அங்கே நிலத்தை இன்னமும் 'ஊவ்ரே' கணக்கில் பேசுகிறார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கக்கூடிய பரப்பு, அதாவது 428 சதுர மீட்டர். நம் அளவில் ஒரு சென்ட்டைப் போல் பத்து மடங்குக்குச் சற்று மேல். கிரான் க்ரு சிவப்பு ஒயினுக்குச் சட்டம் அனுமதிக்கும் அடிப்படை விளைச்சல் பெரும்பாலும் ஹெக்டேருக்கு 3,500 லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஊவ்ரேயிலிருந்து 150 லிட்டர், அதாவது 200 பாட்டில். பர்கண்டிப் பீப்பாயின் கொள்ளளவு 228 லிட்டர். தாத்தா விட்டுப்போன ஓர் ஊவ்ரே கிரான் க்ருவை வைத்திருப்பவரால் ஒரு பீப்பாயைக்கூட நிரப்ப முடியாது. பாதி நிறைந்த பீப்பாயில் காற்றுப் புகுந்து ஒயின் புளித்துவிடும் என்பதால், இப்படிப்பட்டவர்களுக்காகவே சிறிய பீப்பாய்களும் செய்கிறார்கள்.

பிரித்ததைச் சேர்க்க ஒரே வழி கல்யாணம். மேயோ-கமுஸே, மோன்ஜார்-முன்யரே, கொன்ஃபுரோன்-கொத்தெத்திதோ என்று லேபிள்களில் இரட்டைப் பெயர்கள் மலிந்திருப்பதற்கு இதுதான் காரணம். வோன் ரொமானே கிராமத்தின் குரோ குடும்பத்தைப் பாருங்கள். அண்ணன் தம்பி, தங்கை, அவர்களின் பிள்ளைகள் என்று பிரிந்து, மிஷேல் குரோ, ஆன் குரோ, ஆ. எஃப். குரோ, குரோ ஃப்ரேர் எ சேர் என நான்கு தனித்தனி நிறுவனங்களாக நிற்கிறார்கள். கடைசியில் சொன்ன பெயரின் பொருளே 'குரோ அண்ணனும் தங்கையும்'. கடையில் ஒருவருடைய பாட்டில் என்று நினைத்து இன்னொருவருடையதைத் தூக்கி வருவது எளிது. இந்தக் குடும்பத்தில் 1990களில் நடந்த பிரிவினையில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. மதில் சூழ்ந்த க்ளோ தெ ரேயா என்ற இரண்டு ஹெக்டேர் தோட்டத்தை வெட்டாமல் முழுதாக மிஷேலுக்கே கொடுத்துவிட்டு, தங்கைக்கு விலையுயர்ந்த ரிஷ்பூர் நிலத்தில் ஈடு செய்தார்கள். நிலத்தை நேசிப்பவர்கள் செய்யும் பாகப்பிரிவினை அது.

இதெல்லாம் ஒயினை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பர்கண்டியின் சிவப்பு ஒயின் அநேகமாக ஒரே ரகத் திராட்சையிலிருந்து வருவது: பினோ நுவார். மெல்லிய தோல், சீக்கிரம் துளிர்க்கும் அவசரக் குணம், எதற்கெடுத்தாலும் நோய். 1395இல் பர்கண்டிக் கோமகன் துணிச்சல்கார ஃபிலிப், அதிகம் காய்க்கும் கமே ரகத்தைத் 'துரோகச் செடி' என்று பழித்து, பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். அவர் விரும்பியது இந்தச் சண்டித்தனமான பினோ நுவாரைத்தான். போர்தோவில் ஒரு ரகம் ஓர் ஆண்டு காலை வாரினால் மற்றொன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம். இங்கே சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆறு ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பம் அந்த ஆறையும் பத்துப் பன்னிரண்டு பெயர்களில் தனித்தனியே பறித்து, தனித்தனியே நொதிக்கவைத்து, தனித்தனிப் பீப்பாய்களில் வைக்கிறது. ஒரு தொட்டி கெட்டால் அந்த ஆண்டு அந்தப் பெயரே இல்லை. குறையை ஒளித்துவைக்க இடமில்லாத தொழில்.

நான் லியோனில் வேலை பார்த்த காலத்தில், உடன் வேலை செய்த ஒருவருடைய மாமனார் குடும்பம் மொரே சென் தெனிக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான நிலம், நான்கு ஊர்களில் சிதறிக் கிடந்தது. ஜனவரியில் கவாத்து செய்யும் நாட்களில் கூடமாட உதவப் போவேன். வெட்டிய குச்சிகளை அங்கேயே எரிப்பார்கள். பழைய இரும்புப் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, சக்கரம் வைத்த தள்ளுவண்டியாக்கி, அதில் நெருப்பை வைத்து வரிசையோடு தள்ளிக்கொண்டே போவது வழக்கம். குளிருக்கு அந்த வண்டியை யாரும் விட்டு விலக மாட்டார்கள். ஹெக்டேருக்கு 10,000 கொடி என்ற நெருக்கம். ஒவ்வொரு கொடியிலும் எந்தக் கிளையை விடுவது, எத்தனை கண்ணை விடுவது என்று அந்த மனிதர் ஒரு நொடி நின்று பார்த்துத்தான் கத்தரியை வைப்பார். கூலிக்கு வெட்டுகிறவர்கள் அந்த ஒரு நொடியைச் செலவழிப்பதில்லை. சிறு தோட்டத்து ஒயினின் மேன்மை என்று எதையாவது நான் நம்புகிறேன் என்றால் இந்த ஒரு நொடியைத்தான்.

அவருடைய நிலவறையில் பீப்பாய்களின் தலையில் சாக்கட்டியால் எழுதிய பெயர்கள் இருந்தன. நீண்ட கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துக் கோப்பையில் விடுவார். முதலில் சாதாரண 'பூர்கோஞ்', பிறகு ஊர்ப் பெயர் கொண்டது, பிறகு 'ப்ரெமியே க்ரு', கடைசியாக மூலையில் ஒற்றைப் பீப்பாய். உலகம் முழுவதற்கும் அவர் தரும் கிரான் க்ரு அவ்வளவுதான், ஏறத்தாழ 300 பாட்டில். கோப்பையில் மிஞ்சியதை யாரும் கீழே ஊற்றுவதில்லை. திரும்பவும் அதே பீப்பாய்க்குப் போகும். முதன்முதலாகப் பினோ நுவாரைப் பார்ப்பவர்கள் நிறத்தைக் கண்டு ஏமாறுவார்கள். கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் படித்துவிடலாம், அவ்வளவு வெளிர். கருத்து அடர்ந்திருந்தால்தான் உசத்தி என்று நினைத்திருந்த எனக்கு இந்த ஒயின் பிடிபட வெகு நாளாயிற்று. இளமையில் செர்ரி, ராஸ்பெர்ரி வாசம். வயதான பிறகு ஈரக் காடு, காளான், சருகு. பெயர் சொல்லாமல் அவர் ஊற்றிக் கொடுத்த இரண்டு ஒயின்கள், ஒன்று கூரான எலும்பு, மற்றொன்று தசை. இரண்டு நிலங்களுக்கும் இடையில் ஒரு வண்டிப்பாதை மட்டுமே இருந்தது.

நிலம் சிதறியிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆலங்கட்டி மழை ஊர் பார்த்துத்தான் அடிக்கிறது. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று கோடைகளில் போமார், வொல்னே பக்கம் அது கொடிகளைத் துவம்சம் செய்தது. நிலமெல்லாம் அங்கேயே வைத்திருந்தவர்கள் உருக்குலைந்தார்கள். நாலு ஊரில் துண்டு வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். உறைபனி வேறு விதமான பாடம் கற்பித்தது. 2016 ஏப்ரல் கடைசியில் விழுந்த பனி பல கிராமங்களில் துளிரைக் கருக்கிவிட்டது. உறைந்த துளிரின் மேல் காலை வெயில் பட்டால் சேதம் இன்னும் கடுமையாகும். அடுத்த ஆண்டு ஊர் ஊராக விடியற்காலையில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகைமூட்டம் போட்டார்கள். என் வரிசைக்கு மட்டும் புகை போட முடியாதே. பக்கத்து வரிசை பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுடையதாக இருந்தாலும் அவனுடைய கொடிக்கும் சேர்த்துத்தான் புகை.

போன் நகரில் அறுவடை தொடங்கிய நாட்களின் பதிவு 1354 முதல் கிடைக்கிறது. அந்தத் தொடரை ஆராய்ந்தவர்கள், 1988க்குப் பிறகு அறுவடை முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னதாக நடப்பதாகக் கண்டார்கள். சீக்கிரம் துளிர்க்கிறது, ஆகவே பனியிலும் அதிகம் மாட்டுகிறது. வெப்பம் கூடியதால் வந்த உறைபனிச் சேதம் என்பது கேட்க முரண்தான், ஆனால் நடப்பது அதுதான்.

குடும்பங்கள் தங்கள் பெயரிலேயே பாட்டிலில் அடைப்பது பழங்காலத்து வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1920கள் வரை உழவர்கள் ஒயினைப் பீப்பாயோடு போன், நுயி சென் ஜார்ஜ் வணிகர்களுக்கு விற்றுவிடுவார்கள். வணிகர் பத்துப் பேருடையதைக் கலந்து, தெற்கத்திச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்து, ஊர்ப் பெயரை ஒட்டி விற்பார். வொல்னேயின் மார்க்கி தான்ஜெர்வீல், நுயியின் ஆன்ரி கூஜ், ஜெவ்ரேயின் அர்மான் ரூசோ போன்ற சிலர் இதை எதிர்த்து, தாங்களே அடைத்து விற்கத் துணிந்தார்கள். வணிகர்கள் அவர்களை ஒதுக்கிவைத்தார்கள். இன்று நாம் 'பாரம்பரியம்' என்று கொண்டாடுவது அந்தக் கோபக்காரர்களின் கலகம்.

பெரிய நிலச் சொத்து இல்லாமலும் இங்கே பெரிய ஆளாகலாம் என்பதற்கு ஆன்ரி ஜயே சாட்சி. 1922இல் வோன் ரொமானேயில் பிறந்தவர். ஊர்த் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த எத்தியேன் கமுஸே, 1940களில் தன் கொடிகளை இந்த இளைஞரிடம் அரைவாரத்துக்கு விட்டார். உழைப்பு ஜயேவுடையது; விளைவதில் பாதி நிலக்காரருக்கு. ரிஷ்பூர் நிலத்தையே அவர் வாரக்காரராகத்தான் பயிரிட்டார். க்ரோ பரான்தூ என்ற, ஒரு ஹெக்டேர் அளவே உள்ள மேட்டுத் துண்டு, ஃபிலோக்சரா பூச்சி கொடிகளை அழித்த பின் கேட்பாரற்றுக் கிடந்தது. போர்க்காலத்தில் அங்கே கிழங்கு பயிரிட்டார்கள். ஜயே பாறையை வெடிவைத்துத் தகர்த்து, அதில் மறுபடி பினோ நுவார் நட்டார். களைக்கொல்லியை மறுத்தார், விளைச்சலைக் குறைத்தார், காம்பை நீக்கினார், நொதிக்கும் முன் பழத்தைக் குளிரில் ஊறவைத்தார். 1980களின் இறுதியில் அந்த வார ஒப்பந்தம் முடிந்தது, கமுஸேயின் வாரிசுகள் கொடிகளைத் திரும்பப் பெற்றார்கள். அவர்களுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ஜயேதான். 2006இல் இறந்தார். 2018இல் ஜெனீவாவில் அவருடைய சொந்த நிலவறையில் எஞ்சியிருந்த ஆயிரத்துச் சொச்சம் பாட்டில்கள் 3 கோடி சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போயின. வாரத்துக்கு உழுதவர் விட்டுப்போன பாட்டில்கள் அவை.

சிறியது என்றாலே சிறந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1970களில் இதே குடும்பங்கள் பொட்டாஷ் உரத்தை அள்ளிக் கொட்டி, களைக்கொல்லி தெளித்து, அதிகம் காய்க்கும் ஒட்டுரகங்களை நட்டுத் தண்ணீர்ச் சரக்கை விற்றன. மண்ணியல் அறிஞர் குளோத் பூர்கிஞ்ஞோன், இந்தத் தோட்டங்களின் மண்ணில் சகாராவில் இருப்பதைவிடக் குறைவான உயிர்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகு பலருக்கு உறைத்தது. இன்றைக்கும் மோசமான கிரான் க்ரு கிடைக்கிறது, அதுவும் கொள்ளை விலையில். தாத்தா நல்லவர் என்பதால் பேரன் ஒயினும் நன்றாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அரிதானது என்றால் போலியும் வரும். 2008இல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்குப் போன்சோ குடும்பத்தின் 'க்ளோ சென் தெனி' என்று 1945 முதல் 1971 வரையிலான பாட்டில்கள் வந்தன. அந்த நிலத்து ஒயினைக் குடும்பம் தயாரிக்கத் தொடங்கியதே 1982இல்தான். குடும்பத் தலைவர் லொரான் போன்சோ விமானம் ஏறிப்போய் ஏலக்கூடத்திலேயே உட்கார்ந்து, தன் பெயர் போட்ட பாட்டில்களைத் திரும்பப் பெறவைத்தார். அவற்றைக் கொடுத்த ரூடி குர்னியாவனுக்கு 2014இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கும். இங்கே அப்பா எந்த ஆண்டு எதைச் செய்தார் என்று மகனுக்குத் தெரிந்திருந்தது. மோசடியை உடைத்தது அந்த வீட்டு நினைவுதான்.

இப்போது இந்தத் தோட்டங்களை எது அழிக்கிறது என்றால், இவற்றை உண்டாக்கிய அதே பாகப்பிரிவினைதான். இந்த ஊர்கள் உள்ள கோத் தோர் பகுதியில் கிரான் க்ரு நிலம் சராசரியாக ஹெக்டேருக்கு 60 லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. அப்பா இறந்தால் நிலத்தை இந்தச் சந்தை விலையில் மதிப்பிடுவார்கள். பிள்ளைக்கு 1 லட்சம் யூரோ வரை வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி 45 சதவீதம் வரை போகும். குத்தகை நிலத்துக்குச் சில சலுகைகள் உண்டு, ஆனாலும் போதவில்லை. அந்த நிலத்தின் வருமானத்தில் அந்த வரியைக் கட்ட முடியாது. இதில் வேதனையான கணக்கு ஒன்று இருக்கிறது. குடும்பம் தன் பழைய வாடிக்கையாளருக்கு ஒரு பாட்டிலை நியாயமான விலைக்குக் கொடுக்கிறது. அவர் ஏலத்தில் பல மடங்கு விலைக்கு விற்கிறார். அந்தப் பணத்தில் குடும்பத்துக்கு ஒரு காசு வருவதில்லை. ஆனால் அந்த ஏல விலையின் பெருமை நில விலையை ஏற்றுகிறது, நில விலை வரியை ஏற்றுகிறது.

நான் சொன்ன மொரே பக்கத்துக் குடும்பத்திலும் தாய் இறந்தபோது இது வந்தது. அண்ணன் நிலத்தில் உழைப்பவர். தங்கை பாரிஸில் ஆசிரியை. சாப்பாட்டு மேசையில் நோட்டரி கொடுத்த வரைபடம் வண்ணப் பென்சில் கோடுகளோடு விரிந்து கிடந்தது. தங்கை தன் பங்கின் மதிப்பைக் கேட்டது எந்த வகையிலும் அநியாயம் இல்லை. அண்ணன் தன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் அதைக் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. இறுதியில் அந்த ஒற்றைப் பீப்பாய்க்கு உரிய கிரான் க்ரு துண்டை வெளியாருக்கு விற்று, மீதியைக் காப்பாற்றினார்கள்.

வாங்குகிறவர்கள் யார் என்பதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். க்ளோ தெ லாம்ப்ரே 2014இல் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் கைக்குப் போனது. க்ளோ த தார் 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஒருமுறைகூட உடைபடாத ஏழரை ஹெக்டேர். கன்னிமடம் ஒன்று, பிறகு இரண்டு குடும்பங்கள் என மூன்றே கைகள் கண்ட நிலம். 2017இல் கோடீஸ்வரத் தொழிலதிபர் ஃபிரான்சுவா பினோவின் குழுமம் அதை வாங்கியது. பெரும் பணத்துக்கு உடையாத நிலம்தான் பிடிக்கும். மூன்று வரிசைக்காக நான்கு அத்தை மக்களிடம் கையெழுத்து வாங்கும் பொறுமை அதற்குக் கிடையாது. அந்த வகையில் சிதறல் இன்னும் கொஞ்ச காலம் காவலாக இருக்கலாம்.

கிரான் க்ருவை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை, வாங்கவும் முடியாது. குடிக்க விரும்புகிறவர்கள் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஊரின் பெயரை விட்டுவிட்டு ஆளின் பெயரைத் தேடுங்கள். நல்ல குடும்பம் செய்யும் சாதாரண 'பூர்கோஞ்', அலட்சியக்காரரின் க்ளோ த வூஜோவைவிட மேல். டிஜோனை ஒட்டிய மர்சனே, அதற்கு அடுத்த ஃபிக்சன், போனுக்கு வடக்கே சவினி ஆகிய ஊர்களில் இளையவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். மேட்டு நிலமான ஓத் கோத் முன்பு பழம் பழுக்காத இடம். வெப்பம் கூடிய பிறகு நன்றாகவே பழுக்கிறது. 'பாஸ் தூ கிரேன்' என்ற மலிவான ஒயினையும் தவற விட வேண்டாம். பினோ நுவாரோடு, 1395இல் விரட்டப்பட்ட அந்தத் துரோகச் செடியையும் சேர்த்துச் செய்வது அது. கொஞ்சம் குளிரவைத்து, காளான் போட்ட முட்டைப் பொரியலோடு குடிக்கலாம். நான் உதவப் போன வீட்டில் விற்பனைக்கு வைக்காமல் தங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டது அதைத்தான்.